நூற்று மூன்று சதவீதம்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளம் போடுகிற கணினியைத் தவிர வேறு யாருக்கும் அது நினைவில்லை. ஆலையில் எல்லோருக்கும் அவர் ‘முழுசு’. தன் ஷிப்ட் முடிந்ததும் மேனேஜர் அறை வாசலில் நின்று, “முழுசா வந்துடுச்சு சார்” என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். வந்தது முழுசு இல்லை என்பது அவருக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சொல்லைக் கேட்டால்தான் இருவருக்கும் அன்றைய பொழுது முடிந்த மாதிரி இருக்கும்.

இலையிலிருந்து எண்ணெய் எடுக்கிற ஆலை அது. சோப்புக்காரர்களும் தைலக்காரர்களும் வாங்கிப் போவார்கள். காய்ந்த இலையை ஆள் உயர எஃகுக் கலனில் அடைத்து மேலிருந்து ஸ்பிரிட்டை விடுவார்கள். ஸ்பிரிட் இலைக்குள் இறங்கி, எண்ணெயைக் கரைத்துக்கொண்டு கீழே வரும். அதைச் சூடாக்கினால் ஸ்பிரிட் ஆவியாகிவிடும், எண்ணெய் அடியில் தங்கும். அந்த ஆவியைக் காற்றில் விட்டால் ஆலையை ஒரே மாதத்தில் மூட வேண்டியதுதான். அதனால் குழாய் வழியாகக் குளிர்கலனுக்குக் கொண்டுபோய், சொட்டுச் சொட்டாகத் திரும்ப இறக்கி, புறப்பட்ட தொட்டிக்கே அனுப்புவார்கள். நாளைக்கு அதே ஸ்பிரிட் வேறு இலைக்குள் இறங்கும். தொட்டியிலிருந்து தொட்டிவரை எங்கும் திறப்பு கிடையாது. இப்படித் திரும்பி வருவதைப் பார்த்துக்கொள்ளும் பிரிவுக்கு முழுசு பொறுப்பாளர்.

கொடுத்ததைத் திரும்ப வாங்குவது அவருடைய தொழில் மட்டும் அல்ல, சுபாவமே அதுதான். பற்பசைக் குழாய் தட்டையான பிறகு அதைக் கத்தரியால் பிளந்து, உள்சுவரை விரலால் வழிப்பார். தேய்ந்த சோப்புத் துண்டுகளை ஒன்றோடு ஒன்று அழுத்தி, ஐந்து நிறத்தில் ஒரு புது சோப்பு செய்வார். பக்கத்து வீட்டுக்காரர் இரவல் வாங்கிய ஏணியை மறுநாளே போய்க் கேட்டு வாங்கி வந்தார். ஏணியில் கட்டியிருந்த கயிறு பக்கத்து வீட்டுக்காரருடையது. அதுவும் சேர்ந்து வந்துவிட்டது. யாரையாவது வாய் தவறிப் பாராட்டிவிட்டால், இரண்டு நாளுக்குள் அவரிடம் ஒரு குறை கண்டுபிடித்துச் சொல்லி, பாராட்டையும் திரும்ப எடுத்துக்கொள்வார்.

இப்படிப்பட்டவரிடம் நூறு லிட்டர் ஸ்பிரிட்டை அனுப்பி, தொண்ணூற்றைந்துதான் திரும்பி வரும் என்றால் எப்படித் தாங்குவார்? எந்த ஆலையிலும் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். மீதியில் கொஞ்சம் எண்ணெயோடு போகும், கொஞ்சம் எங்காவது வாஷர் வழியாகக் கசியும். பெரும்பகுதி, பிழிந்து முடித்த இலைச் சக்கையிலேயே தங்கிவிடும். சக்கையில் ஒளிந்திருப்பதைத் துரத்துவதற்கு ஒரு வழி உண்டு. பாய்லரிலிருந்து வரும் நீராவியைச் சக்கைக்குள் செலுத்த வேண்டும். சூட்டுக்கு ஸ்பிரிட் கிளம்பி, நீராவியோடு சேர்ந்து குளிர்கலனுக்கு வரும். முதலில் வருவது நல்ல ஸ்பிரிட், தொட்டிக்குப் போகலாம். போகப்போகத் தண்ணீர்தான் அதிகம் வரும். அப்போது வால்வைத் திருப்பி, ஓரத்தில் நிற்கும் டிரம்முக்கு விட வேண்டும். டிரம்மில் சேர்வதைப் பிறகு தனியாகக் காய்ச்சிப் பிரித்துக்கொள்ளலாம்.

முழுசுக்கு அந்த டிரம்மைக் கண்டாலே ஆகாது. சொந்தப் பிள்ளையை விடுதியில் கொண்டுபோய் விடுகிற மாதிரி இருந்தது அவருக்கு. வால்வைத் திருப்புவதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டார். தொட்டியின் பக்கத்தில் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் கொஞ்சம் உயர்ந்து நின்றது. இன்னும் தள்ளிப்போட்டார். இன்னும் உயர்ந்தது. ஒருநாள் வால்வைத் திருப்பவே இல்லை. அன்றைக்குக் கண்ணாடிக் குழாயில் ஸ்பிரிட், காலையில் புறப்பட்ட சிவப்புக் கோட்டுக்கே வந்து நின்றது.

“நூறு சார்” என்றார் மேனேஜரிடம்.

மேனேஜர் எழுந்து வந்து கண்ணாடிக் குழாயைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார்.

“உண்மையிலேயே முழுசுய்யா நீ!”

அடுத்த வாரம் மட்டம் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. அன்று மேனேஜருக்கும் ஒரு சந்தேகம் வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

“நூத்தி மூணா? போட்டதுக்கு மேல எப்படிய்யா வரும்?”

“இலையிலயும் கொஞ்சம் இருக்கும்ல சார்.”

“இலையில ஸ்பிரிட்டா?”

“இயற்கை சார். அது என்னத்த வச்சிருக்குன்னு நமக்கு என்ன தெரியும்?”

மேனேஜர் கண்ணாடிக் குழாயை இன்னொரு தடவை பார்த்தார். “அதுவும் சரிதான்” என்றார்.

உண்மையைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம் என்று பெரிய பெரிய புத்தகங்களில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. வேண்டாத உண்மை நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்த பிறகு, அதன் முகத்தைப் பார்க்காமலே பேசி முடிப்பதற்குத்தான் உழைப்பு வேண்டும். அந்த ஆலையில் அந்த உழைப்புக்கு ஆள் குறைவில்லை.

முன்பெல்லாம் தினமும் காலையில் லேப் அம்மா ஒரு கண்ணாடிச் சாடியில் தொட்டி ஸ்பிரிட்டைப் பிடித்து, அதில் ஒரு மிதவையைப் போட்டு, எவ்வளவு வீரியம் என்று பார்ப்பார். பார்த்து முடித்த ஸ்பிரிட்டைக் கொட்டிவிடுவார். முழுசு இதற்கு ஒரு முடிவு கட்டினார். “சோதிக்கிறேன் சோதிக்கிறேன்னு தினம் ஒரு சாடி கொட்டுறீங்களேம்மா, அதுவும் நஷ்டம்தானே?” லேப் அம்மாவுக்கு ஒரு வேலை குறைந்ததில் வருத்தம் எதுவும் இல்லை. நஷ்டத்தைக் குறைப்பதற்காக, நஷ்டம் இருக்கிறதா என்று பார்ப்பதை நிறுத்தினார்கள். மேனேஜர் இதையும் ஒரு சாதனையாகத் தலைமை அலுவலகத்துக்குத் தெரிவித்தார்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். முழுசின் கையைக் குலுக்கி, கேமரா சரியாகும்வரை குலுக்கிக்கொண்டே நின்றார். நுழைவாயிலில் பலகை ஒன்று வைத்தார்கள். அதில் ‘103’ என்று விளக்கு எரியும். புது ஸ்பிரிட் கொண்டுவரும் லாரிக்கு, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். போட்டதைவிட அதிகமாகத் திரும்பி வருகிற இடத்தில் புதிதாக எதற்கு வாங்க வேண்டும்?

இதற்கிடையே எண்ணெய் கறுக்க ஆரம்பித்தது.

தண்ணீர் சேர்ந்த ஸ்பிரிட்டுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எண்ணெயை மட்டும் எடுத்துக்கொண்டு மரியாதையாக வெளியே வராது. இலையில் இருக்கிற சர்க்கரை, பிசின், சாயம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாரிக்கொண்டு வரும். பொன்னிறமாக ஓடிக்கொண்டிருந்த எண்ணெய் முதலில் பழுப்பானது, பிறகு பச்சைக் கறுப்பானது, கடைசியில் தார் மாதிரி கரண்டியை விட மறுத்தது. தைலக்காரர் ஒருவர் வாங்கிய பீப்பாய்களை அப்படியே திருப்பி அனுப்பினார். சோப்புக்காரர், ரோடு போட வேண்டுமானால் சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறோம் என்று தொலைபேசியில் சொன்னாராம்.

குற்றவாளி வேண்டும். பலகையில் விளக்கு எரிகிற பிரிவில் குற்றம் இருக்க முடியாது. ஆகவே இலை அடைக்கிற பிரிவில் தேடினார்கள். அங்கே பொறுப்பில் இருந்தவன் முழுசின் மைத்துனன், மனைவியின் தம்பி. ஓட்டிக்கொண்டிருந்த வேனை விற்றுவிட்டு, அக்காள் கணவர் சொன்னார் என்று இங்கே வந்து சேர்ந்தவன். மனைவி நிறைமாதம். ஈர இலையைக் கலனில் அடைத்தான் என்பது அவன்மேல் குற்றச்சாட்டு. வெள்ளிக்கிழமை விசாரணை, அதன்பிறகு வேலை இருக்குமா இருக்காதா என்று சொல்வோம் என்றார்கள். விசாரிக்கப்போகிறவர்கள் மூன்று பேர்: மேனேஜர், லேப் அம்மா, முழுசு.

சனிக்கிழமை சாயங்காலம் மைத்துனன் வீட்டுக்கு வந்தான். முன்னறையில் அக்கா தையல் மெஷினில் உட்கார்ந்து திரைச்சீலை ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தாள். முழுசு நாற்காலியில் இருந்தார்.

“இலைய நல்லாக் காய வச்சியா மாப்ளே?”

“கையில எடுத்தா நொறுங்குது மாமா. அதுக்கு மேல எப்படிக் காய வைக்கிறது? வறுக்கவா?”

“வெளிய நொறுங்கும். உள்ள ஈரம் இருக்கும்.”

“இலைக்கு ஏது மாமா உள்ள? மொத்தமே அது ஒரு தாளு. ரெண்டு பக்கமும் வெளிதான்!”

அக்கா மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். முழுசு சிரிக்கவில்லை.

“நீங்கதான விசாரணையில உக்காரப் போறீங்க?” என்றாள். “இவனே வந்து சொல்றான், இலை ஈரமில்லன்னு. அத அங்க சொல்லிட்டு வாங்க.”

“நான் நடுநிலையா இருக்கணும்.”

“இருங்க. நடுவுல நின்னுக்கிட்டே சொல்லுங்க.”

“மாமா பார்த்துப்பாரு அக்கா” என்றான் தம்பி. அவன் அதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அவனுக்கு உண்மையிலேயே அந்த நம்பிக்கை இருந்தது. போகும்போது, பாதி குடித்த காபியை மறந்து வைத்துவிட்டுப் போனான். முழுசு அதை எடுத்துக் குடித்தார்.

ஞாயிறு அன்று காலை ஷிப்ட் அவருக்கு. தேநீர் வேளையில் பாய்லர்காரர் வந்து சேர்ந்தார். உடம்பெல்லாம் கரி, வாயெல்லாம் குறும்பு.

“யோவ் முழுசு, என் தண்ணியத் திருப்பிக் குடுய்யா.”

“என்ன தண்ணி?”

“நான் அனுப்புற ஸ்டீம் வேலைய முடிச்சிட்டு, வெந்நீரா என்கிட்டயோ உன் டிரம்முக்கோ வரணும்ல? டிரம்மு காஞ்சு கிடக்கு, பல்லி குடும்பம் நடத்துது அதுல. நான் பாய்லருக்குப் புதுத் தண்ணி ஊத்தி ஊத்தித் தோளு போச்சு. எங்கய்யா போகுது அவ்வளவும்?”

“எங்க போகும்? ஆவியாப் போயிருக்கும்.”

“ஆவியாப் போனா கூரை நனையும். உன் பிரிவுல ஒரு சொட்டு வெளிய போகாதுன்னு நீதான ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிற? வெளிய போகலன்னா உள்ளதான இருக்கணும்?” தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். “பெரிய மீட்புக்காரன்! என் தண்ணியத் திருடி வச்சுக்கிட்டுப் பலகை போட்டுக்கிட்டான்!”

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவருக்கு அது தோள் வலியைப் பற்றிய பேச்சு மட்டும்தான். முழுசு கையில் கோப்பையோடு அப்படியே நின்றார். காணாமல் போனது எங்கே என்று வாழ்நாளெல்லாம் தேடிய மனிதர் அவர். தேடாமலே வந்து சேர்ந்தது யாருடையது என்ற கேள்வி அவர் தலைக்குள் நுழைந்தது அன்றுதான் முதல் தடவை.

ஷிப்ட் முடிந்து போகையில் தொட்டியிலிருந்து ஒரு மருந்துப் பாட்டில் அளவு பிடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு தட்டில் கொஞ்சம் ஊற்றித் தீக்குச்சியைக் கிழித்தார். நல்ல ஸ்பிரிட் என்றால் நீலமாக எரிந்து, தட்டைத் துடைத்து வைத்த மாதிரி விட்டுவிட்டுப் போக வேண்டும். இது பற்றுவதற்கே தயங்கியது. பற்றியபின் கொஞ்ச நேரம் நோயாளி மாதிரி நெளிந்துவிட்டு அணைந்தது. தட்டில் பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது.

மனைவி கதவைத் தட்டினாள். “உள்ள என்ன கருகுது?” அவர் திறந்தார். அவள் தட்டைப் பார்த்தாள்.

“என்ன இது?”

“தண்ணி.”

“பத்த வச்சுப் பார்த்தாத்தான் அது தண்ணின்னு தெரியுமா உங்களுக்கு?”

குளியலறைத் தரையில் உட்கார்ந்தபடியே விஷயத்தைச் சொன்னார். நீராவி, வால்வு, டிரம், கறுத்த எண்ணெய். அவள் நின்றபடியே கேட்டாள். தையல்காரி, நீளமான பேச்சில் எங்கே வெட்ட வேண்டும் என்று தெரிந்தவள்.

“அப்ப என் தம்பி மேல தப்பில்ல.”

“தப்புன்னு நான் எப்பவும் சொல்லலையே.”

“தப்பில்லன்னும் சொல்லலையே.”

“வெள்ளிக்கிழமை சொல்றேன்.”

“இன்னைக்கே போய்ச் சொன்னா என்ன?”

“சொல்றதுக்கு ஒரு விதம் இருக்குல்ல? எல்லாத்துக்கும் ஒரு விதம் இருக்கு.”

அந்த விதத்தைத்தான் அவர் திங்கள் முதல் வியாழன்வரை யோசித்துக்கொண்டிருந்தார். மைத்துனன் வேலை போகக் கூடாது. பலகையில் விளக்கும் அணையக் கூடாது. இரண்டில் எதை இழக்கலாம் என்று அவர் ஒரு நிமிடம்கூட எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. இழப்பு என்கிற கணக்கே அவருக்கு வராது. இரண்டையும் சேதமில்லாமல் திரும்பக் கொண்டுவரும் வழி ஒன்று இருந்தே தீரும் என்று நம்பினார். வியாழக்கிழமை அது கிடைத்துவிட்டதாகவும் அவருக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை மேனேஜர் அறையில் மூன்று நாற்காலிகள் ஒரு பக்கம். எதிரே மைத்துனன், நின்றபடி. மேசைமேல் தார் நிற எண்ணெய் ஒரு பாட்டிலில். மேனேஜர் குற்றச்சாட்டைச் சொன்னார். மைத்துனன், காய்ந்த இலைதான் அடைத்தேன் என்றான். லேப் அம்மா, எண்ணெயில் தண்ணீர் இழுத்து வந்த சரக்கு நிறைய இருக்கிறது, எங்கிருந்தோ தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்றார். எல்லோரும் முழுசைப் பார்த்தார்கள்.

முழுசு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“யாரையும் குத்தம் சொல்றதுக்கில்ல சார். சீசன் அப்படி. காத்துல ஈரம் ஜாஸ்தி. காய்ஞ்ச இலைகூட நின்ன இடத்துல ஈரத்த இழுத்துக்கும். ஆள் என்ன பண்ண முடியும்?”

இதுதான் அவர் நான்கு நாள் யோசித்த விதம். குற்றம் வானத்துக்கு, வேலை மைத்துனனுக்கு, பலகை தனக்கு. யாருக்கும் சேதாரமில்லை.

மேனேஜர் முகம் மலர்ந்தது. “கேட்டுக்கிட்டீங்களாம்மா? அனுபவஸ்தர் சொல்றாரு, இலைதான் ஈரம்.” மைத்துனன் பக்கம் திரும்பினார். “காத்துல ஈரம் இருக்குன்னு தெரியுதுல்ல? உலர்த்துற அறையில ஹீட்டர் எதுக்கு வச்சிருக்கு? ஏன் போடல? சொந்த மாமாவே சொல்றாருப்பா. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

“ஹீட்டர் தினமும் ஓடுது சார்” என்றான் மைத்துனன். அவன் மேனேஜரிடம்தான் சொன்னான். பார்த்தது முழுசை.

“ஓடியும் ஈரம்னா, நீ பார்க்கலன்னு அர்த்தம்.” மேனேஜர் பேனாவை எடுத்தார். “இந்த மாசத்தோட—”

“சார், சார்” என்றார் முழுசு. “நான் அப்படிச் சொல்ல வரல.”

“பின்ன எப்படி?”

முழுசு மேசைமேல் இருந்த பாட்டிலைப் பார்த்தார். வேறு வழி ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று தேடுகிற பார்வை அது. பேனா தாளைத் தொட்டுவிட்டது.

“இலை காய்ஞ்சுதான் இருக்கு சார். தண்ணி என் தொட்டியில இருக்கு. வால்வ நான் டிரம்முக்குத் திருப்பவே இல்ல. நீராவி அத்தனையும் தொட்டிக்குள்ள. நூத்தி மூணுல பாதி பாய்லர் தண்ணி.”

பேனா தாளிலிருந்து எழும்பியது. பிறகு மேனேஜர் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை, நெகிழ்ந்துபோன சிரிப்பு.

“மச்சான் மேல எவ்வளவு பாசம் பாருங்கம்மா! பழிய எடுத்துத் தன் மேல போட்டுக்கிறாரு. உக்காருங்க முழுசு. நீங்க இப்படிப் பேசுவீங்கன்னு எனக்குத் தெரியும்.”

“நிஜமா சார்.”

“தெரியும், தெரியும். குடும்பம்னா அப்படித்தான்.”

பொய்யை மூன்று மாதம் விளக்கு போட்டுக் காட்டியவர்களுக்கு, உண்மையை ஒரு தடவை கேட்டதும் பாசமாகத் தெரிந்தது. இதில் வியக்க எதுவும் இல்லை. ஒருவரை மேடையில் ஏற்றிவிட்டால், அவரே இறங்க வந்தாலும் ஏணியைத் தர யாருக்கும் மனம் வராது.

முழுசு எழுந்தார். கேன்டீனுக்குப் போய் இரண்டு எவர்சில்வர் தட்டுகளை எடுத்துக்கொண்டார். கிடங்கு மூலையில் முத்திரை உடைக்காமல் கிடந்த பழைய டிரம்மிலிருந்து கொஞ்சம், தன் தொட்டியிலிருந்து கொஞ்சம் என்று இரண்டு பாட்டிலில் பிடித்தார். ஆலைக்குள் தீக்குச்சி கிழித்தால் கட்டிடம் இருக்காது. அதனால் வாசலைத் தாண்டி, சாலையைக் கடந்து, எதிரே இருந்த வெற்று மனைக்கு நடந்தார். மூவரும் பின்னால் வந்தார்கள், வேடிக்கைக்கு ஷிப்ட் ஆட்களும் கொஞ்சம் வந்தார்கள். பாய்லர்காரரும் வந்தார்.

முதல் தட்டு நீலமாக எரிந்து தீர்ந்தது. விரலால் தேய்த்துக் காட்டினார், காய்ந்திருந்தது. இரண்டாவது தட்டுக்கு மூன்று குச்சி தேவைப்பட்டது. நெளிந்தது, இழுத்தது, போய்விட்டது. தட்டைச் சாய்த்தார். நிறைய வழிந்து மண்ணில் இறங்கியது.

“அதான் சார் என் தண்ணி” என்றார் பாய்லர்காரர். “இத்தன நாளா எங்கடா போச்சுன்னு தேடிக்கிட்டிருக்கேன்!”

ஆட்கள் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் பலகையில் 103 எரிந்துகொண்டிருந்தது, நல்ல வெயிலிலும் தெளிவாகத் தெரிந்தது.

முழுசைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். அந்தக் குச்சிகளை அவரே கிழித்தார். அதைவிடப் பெரிதாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அதற்கு முன்னால் அறையில் அவர் காற்றின்மேல் பழி போட்ட பேச்சும் கூடவே நினைவுக்கு வருகிறது.

மைத்துனன் மேல் இருந்த குற்றச்சாட்டை மேனேஜர் அங்கேயே வாபஸ் வாங்கினார். முழுசுக்குத் தண்டனை எதுவும் இல்லை. தண்டித்தால் எதற்கென்று தலைமை அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும், சொன்னால் கை குலுக்கிய படத்தையும் சேர்த்து விளக்க வேண்டும். அதற்குப் பதிலாக, ‘ஸ்பிரிட்டின் தரத்தைத் தட்டில் எரித்து அறியும் எளிய முறை எங்கள் ஆலையில் உருவாக்கப்பட்டுள்ளது’ என்று எழுதி அனுப்பினார். அதற்கும் பாராட்டு வந்தது. லேப் அம்மா மிதவையைத் தேடி எடுத்துத் துடைத்து வைத்தார். லாரி மறுபடி வந்தது. பலகையில் 103-ஐ எடுத்துவிட்டு ‘பாதுகாப்பே முதல்’ என்று எழுதினார்கள். அதை யாரும் சோதிக்க முடியாது.

மைத்துனன் மட்டும் அன்று வெற்று மனையிலிருந்து கடைசியாகக் கிளம்பினான். முழுசு தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“ஞாயித்துக்கிழமை.”

“ஞாயித்துக்கிழமை.” அவன் தலையை ஆட்டினான். “அப்ப உள்ள வந்து மொதல்ல சொன்னீங்களே, காத்துல ஈரம், இலை இழுத்துக்கும்னு. அதுவும் தெரிஞ்சேதான்?”

“கடைசியில சொல்லிட்டேன்ல மாப்ளே? வேலை போகலல்ல?”

“நான் எதிர்லதான நின்னுக்கிட்டிருந்தேன்” என்றான். சாலையைக் கடந்துவிட்டான்.

மறுநாள் வேலையில், சக்கைக்கு நீராவி விடுகிற நேரத்தில் அவன் குரல் கேட்டது. “சார், ஸ்டீம் திறக்கலாமா?” மேனேஜர் பின்னால் நிற்கிறாரோ என்று முழுசு திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

“என்னையா கேக்குற?”

“ஆமா சார்.”

“மாமான்னு கூப்பிட என்னடா உனக்கு?”

“திறக்கலாமா சார்?”

திறந்தார்கள். நல்ல ஸ்பிரிட் வந்து முடிந்ததும் முழுசு வால்வை டிரம் பக்கம் திருப்பினார். சாயங்காலம் மேனேஜர் அறை வாசலில் நின்று, “தொண்ணூத்தி அஞ்சு சார்” என்றார். மேனேஜர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மைத்துனனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. முழுசின் மனைவி ஆஸ்பத்திரியிலும் தம்பி வீட்டிலுமாக இருந்தாள். “நீங்க போய் ஒரு தடவ பேசிட்டு வாங்க” என்றாள் கணவரிடம். “அவன் வாயத் திறந்து உங்களத் திட்டினாக்கூடப் பரவால்ல. சார், சார்ன்னு கூப்பிடறான், எனக்குக் கூசுது.”

ஒரு மாலை முழுசு போனார். மைத்துனன் கதவைத் திறந்தான். “வாங்க சார். உக்காருங்க.” நாற்காலியைத் துடைத்துப் போட்டான். குழந்தையைக் கொண்டுவந்து காட்டினான். அவர் கையை நீட்டினார். “இப்பத்தான் தூங்கினா சார்” என்று உள்ளே கொண்டுபோய்விட்டான். காபி வந்தது.

“அன்னைக்கு நான் சொன்னது...” என்று ஆரம்பித்தார்.

“சக்கர சரியா இருக்கா சார்?”

“இருக்கு.”

அவர் காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்து, டம்ளரைக் கொடுத்தார். அவன் வாங்கி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. மின்விசிறியின் வேகத்தைக்கூட அவருக்காகக் கூட்டி வைத்தான். சீக்கிரம் போங்கள் என்று சொல்லிவிட்டாலாவது ஏதாவது பதில் சொல்லலாம் என்று முழுசு காத்திருந்தார். “இன்னும் கொஞ்சம் காபி சார்?” என்றான் அவன். வெளியே இருட்டி, தெருவிளக்கு எரிய ஆரம்பித்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.